இரைச்சலுக்குள் ஓர் உறவு



பிழைப்புக்காகப் பெருநகரத்தில் குடியேறிய உங்கள் வீட்டில், கருப்புச் சட்டை அணிந்த மகன் கதவைச் சாத்திக்கொண்டு ‘ஹெவி மெட்டல்’ இசையை அலறவிடுகிறானா? “பிள்ளை கெட்டுப்போனான்” என்று தீர்ப்புச் சொல்லுமுன் சற்றுப் பொறுங்கள்.

இவ்விசையின் பிறப்பிடமாகக் கருதப்படுவது இங்கிலாந்தின் தொழில் நகரமாகிய பர்மிங்காம். 1968இல் அங்கே தொழிலாளர் குடும்பத்து இளைஞர் நால்வர் கூடி அமைத்த குழுவே பின்னர் ‘பிளாக் சபாத்’ எனப் பெயர் பெற்றது. அதன் கிதார் கலைஞர் டோனி அயோமி, 17ஆம் வயதில் உலோகத் தகட்டுத் தொழிற்சாலையில் இரு விரல்களின் நுனிகளை இழந்தவர். பிளாஸ்டிக்கை உருக்கி விரலுறை செய்து மாட்டிக்கொண்டு வாசித்தார். பின்னர் தந்திகளின் இறுக்கத்தைத் தளர்த்தினார், நாதம் கனத்தது.

இவ்விசையின் ரசிகர்கள் மேடைமுன் ஒருவரோடொருவர் மோதி ஆடுவர். பார்ப்பவருக்கு அது சண்டை. ஆயினும் அவர்களுக்குள் எழுதப்படாத சட்டம் ஒன்றுண்டு: விழுந்தவனை உடனே தூக்கிவிட வேண்டும். தனிமையில் புகைந்த கோபம் அங்கே தோழமையாகிறது.

2025 ஜூலை 5 அன்று அக்குழுவின் இறுதி நிகழ்ச்சி பர்மிங்காமிலேயே நடந்தது. அதன் வருவாய், குழந்தைகள் மருத்துவமனை உள்ளிட்ட அறப்பணிகளுக்கென்றே அறிவிக்கப்பட்டது.

பாடல்கள் அனைத்தையும் நீங்கள் ஏற்கவேண்டுவதில்லை. ஆனால் மகனின் கோபம் எதனால் என்று கேட்டதுண்டா? கதவைத் தட்டுங்கள், அருகில் அமர்ந்து ஒரு பாட்டையாவது கேளுங்கள். விழுந்தவனைத் தூக்கிவிடும் கரம் அவனுக்கு வீட்டிலும் இருக்கட்டும்.