மாடித் தண்ணீருக்கு ஒரு டிரம் வையுங்கள்

ஐப்பசி அடைமழை தொடங்குவதற்குள் ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். கொஞ்சம் நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள்.

தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்று 2003-இல் சட்டம் வந்தது. வீட்டுக்கு வீடு குழாய் பதித்தோம், குழி தோண்டினோம். நல்ல சட்டம். ஆனால் இன்று பல வீடுகளில் அந்தக் குழி மண்ணும் சருகும் அடைத்துக் கிடக்கிறது. சிலர் மேலே டைல்ஸே போட்டுவிட்டார்கள். 2019 கோடையில் சென்னை ஏரிகள் வற்றி, லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்றதை அதற்குள் மறந்துவிட்டோம்.

குழி மண்ணுக்குள் செய்கிற வேலை கண்ணுக்குத் தெரியாது. டிரம்மில் நிற்கும் தண்ணீர் தெரியும். வீட்டுக் குழந்தைகளுக்கும் தெரியும். ஆகவே குழியோடு ஒரு டிரம்மும் வேண்டும் என்பது என் கருத்து.

"ஒரு டிரம் தண்ணீர் எந்த மூலைக்கு?" என்று கேட்பீர்கள். கணக்குப் போடுவோம். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். 600 சதுர அடி மாடி என்பது சுமார் 56 சதுர மீட்டர். 20 மில்லிமீட்டர் மழைக்கு 1,100 லிட்டருக்கு மேல். சேதாரம் போனாலும் 200 லிட்டர் டிரம் நான்கு நிரம்பும். ஒரே மழையில்! அதைத் தெருவில் விட்டுவிட்டு, சித்திரையில் லாரிக்குப் பணம் கொடுக்கிறோம். டிரம் நிரம்பி வழிவதைக் குழிக்குத் திருப்பிவிட்டால் நிலத்தடிக்கும் பங்கு போய்விடும்.

சில எச்சரிக்கைகள். ரசாயனம் வைத்திருந்த பழைய டிரம் வேண்டாம். மாடியைப் பெருக்கி, முதல் மழையின் அழுக்குத் தண்ணீரை வெளியே விட்டபின் பிடியுங்கள். நிரம்பிய டிரம் 200 கிலோவுக்கு மேல் கனக்கும், உறுதியான மேடை அவசியம். முக்கியமாக, டெங்கு கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். வாயில் கொசுவலையை இறுக்கிக் கட்டி, மூடி போடுங்கள். வாரம் ஒருமுறை காலிசெய்து உட்புறத்தைத் தேய்த்துக் கழுவுங்கள். இதைச் செய்ய முடியாதவர்கள் டிரம்மே வைக்க வேண்டாம். சேமிக்கிறேன் என்று தெருவுக்கே காய்ச்சலைக் கொடுப்பது பாவம்.

இந்தத் தண்ணீர் செடிக்கு, வாசல் கழுவ, துணி துவைக்க. உப்பு போர் தண்ணீரில் நுரைக்காத சோப்பு இதில் எப்படி நுரைக்கிறது பாருங்கள். குடிப்பதற்கு வேண்டாம்.

அடுக்குமாடியில் இருப்பவர்கள் சங்கக் கூட்டத்தில் பேசுங்கள். குழியைத் தூர்வாருவது முதல் தீர்மானமாக இருக்கட்டும்.

வழக்கம்போல வீட்டுப்பாடம் உண்டு. இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் மாடியின் நீள அகலத்தை அளந்து, 20 மில்லிமீட்டர் மழைக்கு எத்தனை லிட்டர் என்று கீழே எழுதுங்கள். பேரப்பிள்ளைகளையும் கணக்குப் போடச் சொல்லுங்கள். நான் திருத்துகிறேன்.