தரம் ஒன்றுக்கு வான் ஏற வேண்டுமா?

யாழ்ப்பாணத்தின் பண்டத்தரிப்புப் பக்கம் இன்று குடிவருகிறவர்கள் பல திசையிலிருந்தும் வருகிறார்கள். 1990இல் போரால் வலிகாமம் வடக்கை விட்டு எழும்பி, இராணுவம் பிடித்திருந்த காணி விடுபட்ட பிறகு திரும்பி வந்து, ஊரில் வீடு கட்டி முடியும்வரை அயலில் வாடகைக்கு இருப்பவர்கள் ஒரு சாரார். தமிழ்நாட்டு முகாம் வாழ்க்கையை முடித்துக்கொண்டு வந்தவர்கள், கொழும்பிலிருந்து இடமாற்றம் பெற்ற வங்கி உத்தியோகத்தர்கள், பிள்ளைகள் தமிழ் மறக்கமுன் ஊருக்கு வந்துவிட வேண்டுமென்று ஐரோப்பாவிலிருந்து புறப்பட்ட சிலர் என்று மற்றவர்கள். வீட்டையும் கிணற்றையும் பார்த்தாகிவிடும். மூட்டை அவிழ்க்கமுன்னரே சொந்தக்காரரின் கேள்வி வந்துவிடும்: "பிள்ளையளை எங்கை விடப்போறியள்? இஞ்சையோ, ரவுனிலையோ?"

கேட்கிறவர் மனதில் ரவுன் என்றால் பெயர்பெற்ற தனியார் கல்லூரி அல்லது இன்டர்நாஷனல் ஸ்கூல். 'இஞ்சை' என்றால் அரச பாடசாலை. முன்னதில் தரம், பின்னதில் வேறு வழியில்லாதவர்கள். இந்தக் கணக்கு இந்த மண்ணின் வரலாற்றுக்கே பொருந்தாது.

அமெரிக்க மிஷன் 1816இல் தெல்லிப்பழையிலும் பின்னர் வட்டுக்கோட்டையிலும் வேலையைத் தொடங்கியது. பண்டத்தரிப்புக்கு 1820இல் வந்தவர் மருத்துவர் ஜோன் ஸ்கடர். வைத்தியமும் போதனையும் பள்ளிக்கூடமும் ஒன்றாக நடந்த காலம் அது. 1823இல் வட்டுக்கோட்டை செமினறி, 1824இல் உடுவில் பெண்கள் பாடசாலை என்று மிஷன் பெருகியது. மறுபக்கம் 1848இல் ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். 1923இல் உருவான சைவ வித்தியா விருத்திச் சங்கம் ஊர் ஊராகப் பள்ளி திறந்தது. அரசு பின்னால் நின்று உதவிப்பணம் கொடுத்தது. கல்வி அமைச்சர் கன்னங்கராவின் இலவசக் கல்வி 1945இல் வந்த பிறகும் பள்ளிகள் பெரும்பாலும் மிஷன்களினதும் சங்கங்களினதும் கையிலேயே இருந்தன. 1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்கள்தான் அவற்றை அரசிடம் கொண்டுசேர்த்தன.

சேர மறுத்தவை சில. வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரி, உடுவில் மகளிர் கல்லூரி, யாழ்ப்பாணம் சென் ஜோன்ஸ் கல்லூரி ஆகியவை தனியாராகவே நின்றன, அதுவும் அப்போது கட்டணம் அறவிடாமல். ஒரே மிஷனின் வயிற்றில் பிறந்த தெல்லிப்பழை யூனியன் கல்லூரி இன்று அரச பாடசாலை, வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரி தனியார் பாடசாலை. கத்தோலிக்கரின் இளவாலை புனித ஹென்றியரசர் கல்லூரியும் இன்று அரசினுடையது. பெயர்ப்பலகையை வைத்துத் தரம் பிரிப்பவர் 1960இல் பள்ளியை அரசிடம் யார் விட்டார், யார் விடவில்லை என்பதைத்தான் பிரிக்கிறார்.

இன்னும் சிக்கல் உண்டு. இலங்கையில் தனியார் பாடசாலைகளிலும் ஒரு பகுதி 'உதவி பெறும்' பாடசாலைகள், ஆசிரியர் சம்பளத்தை அரசே கொடுக்கிறது. அரச பாடசாலையிலோ புதிய கட்டடத்தின் கல்வெட்டில் லண்டன், ரொறன்ரோ பழைய மாணவர் சங்கங்களின் பெயர் இருக்கும். இரண்டிலும் பாடத்திட்டம் ஒன்று, பரீட்சை ஒன்று. ஒழுக்கக் கட்டுப்பாடு, விடுதி வசதி, சமயச் சூழல், ஆங்கிலப் பழக்கம் ஆகியவற்றில் வேறுபாடு இருக்கலாம். ஆனால் அது பாடசாலைக்குப் பாடசாலை மாறுவது.

உண்மையான பிரிவு வேறோரிடத்தில் இருக்கிறது. புதிதாகக் கட்டணப் பாடசாலை தொடங்குவதை 1961ஆம் ஆண்டுச் சட்டம் மறித்தது. அதனால் பின்னர் வந்த இன்டர்நாஷனல் ஸ்கூல்கள் கம்பனிகளாகப் பதிவாகின. மற்றப் பாடசாலைகள் மேல் கல்வி அமைச்சுக்கு உள்ள பிடி இவற்றின் மேல் இல்லை. அங்கே ஆங்கில மொழிமூலம், முடிவில் பெரும்பாலும் லண்டன் பரீட்சை. இலங்கை அரச பல்கலைக்கழகத்துக்கோ நாட்டின் உயர்தரப் பரீட்சையின் இசட் புள்ளிதான் வழி. பெரும்பாலான துறைகளில் 40 வீதம் நாடளாவிய திறமைக்கு, 55 வீதம் மாவட்டங்களுக்கு, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. லண்டன் பரீட்சை எழுதியவருக்கு அந்தக் கதவு கிட்டத்தட்டச் சாத்தியதுதான். வெளியே படிக்கப் பணம் வேண்டும்.

ஆகவே, வருகிற குடும்பம் முதலில் தன்னையே கேட்க வேண்டியது எத்தனை வருடம் இங்கே இருக்கப்போகிறோம் என்பதை. மூன்று வருடத்தில் ஒஸ்லோவுக்கோ ரொறன்ரோவுக்கோ திரும்புகிற குடும்பம் பிள்ளையை ஆங்கில மொழிமூலத்தில் விடுவதில் நியாயம் உண்டு. இங்கேயே வேரூன்ற நினைப்பவர் கௌரவத்துக்காக அதைச் செய்தால், பதினெட்டு வயதில் பிள்ளைதான் அதன் விலையைக் கொடுக்கும். நாட்டில் பத்துப் பிள்ளைகளில் ஒன்பதுக்கும் மேல் படிப்பது அரச பாடசாலையில் என்பதையும் மறக்கக்கூடாது.

அடுத்தது தூரம். பண்டத்தரிப்பிலிருந்து யாழ்ப்பாண நகரம் ஏறத்தாழப் பதினைந்து கிலோமீற்றர். ஏழரை மணிப் பாடசாலைக்கு வான் ஆறரைக்கு முன்னரே வாசலுக்கு வந்துவிடும். ஆறு வயதுப் பிள்ளை அரைத் தூக்கத்தில் இடியப்பம் விழுங்கி, மானிப்பாய் ரோட்டில் குலுங்கி, மதிய வெயிலில் அதே வழியால் திரும்ப வேண்டும். கட்டணமில்லாத நகரப் பாடசாலையென்றாலும் மாதா மாதம் வான் காசு. பின்னேரம் ரியூசன் காசு வேறு. 2022ஆம் ஆண்டு ஆனியில் எரிபொருள் இல்லாமல் நாடு நின்றபோது நகரப் பாடசாலைகளை மூடச் சொன்ன கல்வி அமைச்சு, போக்குவரத்துச் சிக்கல் இல்லாத கிராமப் பாடசாலைகள் நடக்கலாம் என்றது. நடந்தோ சைக்கிளிலோ போன பிள்ளைக்கு அந்த வாரங்களிலும் வகுப்பு இருந்தது.

நகரத்தின் பிரபல அரச பாடசாலைக்குள் நுழைவதும் லேசான வேலை இல்லை. அரச பாடசாலைத் தரம் ஒன்று அனுமதிக்கு நீண்ட காலமாக வழக்கில் இருந்த பங்கீட்டில் பாதி இடம் அருகில் வசிப்பவருக்கு, கால்வாசி பழைய மாணவரின் பிள்ளைகளுக்கு. வெளிநாட்டிலிருந்து திரும்பியவருக்கு நூற்றில் ஒன்று. வசிப்பிடத்தை நிரூபிக்க உறுதி, வாடகை ஒப்பந்தம், பல வருட வாக்காளர் இடாப்பு என்று ஒரு கட்டுக் கடதாசி வேண்டும். கால்நூற்றாண்டு நலன்புரி நிலையங்களிலும் வாடகை வீடுகளிலும் திரிந்தவரிடம் அந்தத் தொடர்ச்சியான பதிவு எப்படி இருக்கும்? அனுமதிக்கான சுற்றறிக்கை நேர்மையானதுதான், ஆனால் இடம்பெயராதவரை மனதில் வைத்து எழுதியது.

தரம் ஒன்றிலேயே நுழைந்துவிட இந்த அவசரம் தேவைதானா? இலங்கை முறையில் இன்னொரு வாசல் தரம் ஆறில் திறக்கிறது. ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சையில் நல்ல புள்ளி எடுத்த பிள்ளை பெரிய கல்லூரிகளுக்கு அப்போது மாறலாம். அந்தப் பரீட்சை பத்து வயதுப் பிள்ளைகளைப் பிழிகிறது என்ற குறை சரியானதே. ஆனாலும் அந்த வாசல் இருக்கிறவரை, தரம் ஒன்றில் எடுக்கும் முடிவு வாழ்நாள் முடிவு ஆகாது. ஆரம்ப வகுப்பு ஐந்து வருடத்தை அயல் பாடசாலையில் கழித்து, பிள்ளையின் போக்கைப் பார்த்துவிட்டுப் பிறகு முடிவெடுக்கத் தாராளமாக இடமுண்டு. பண்டத்தரிப்பில் மகளிர் உயர்தரப் பாடசாலையும் இந்துக் கல்லூரியும் இருக்கின்றன. இளவாலையும் சண்டிலிப்பாயும் எட்டத்தில் இல்லை.

கிராமப் பாடசாலையைத் தூக்கி வைத்துக் கொண்டாடவும் வேண்டாம். வலிகாமத்தின் சில சின்னப் பள்ளிகளில் பிள்ளைகள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவில்தான். ஆளணி பிள்ளைத் தொகையைப் பார்த்துத்தான் கணக்கிடப்படுகிறது. பிள்ளை குறைந்தால் ஆசிரியர் குறைவார், ஆசிரியர் குறைந்தால் இருக்கிற பெற்றோரும் வான் பிடிப்பார்கள். காங்கேசன்துறை நடேஸ்வராக் கல்லூரி 1990இல் இடம்பெயர்ந்து, 2016இல்தான் தன் வளவைத் திரும்பப் பெற்றது. கட்டடத்தைத் திருத்தலாம், போன பிள்ளைகளை அப்படிக் கூட்டிவர முடியாது. ஊருக்குத் திரும்பியவர்களும் பிள்ளையை ரவுனுக்கே ஏற்றினால் அந்தப் பாடசாலைகளின் கதி என்ன என்று கேட்கலாம். ஆனால் ஊர்ப் பள்ளியைக் காப்பாற்றும் பொறுப்பை ஒரு ஆறு வயதுப் பிள்ளையின் முதுகில் சுமத்த எந்தப் பெற்றோருக்கும் மனம் வராது. வரவும் கூடாது.

வெளியிலிருந்து வந்த பிள்ளைக்குச் சின்ன வகுப்பால் ஒரு தனி நன்மை உண்டு. தமிழ்நாட்டிலிருந்து வந்த பிள்ளை தமிழ் நன்றாக வாசிக்கும். இரண்டாம் மொழியான சிங்களமும் இலங்கை வரலாறும் அதற்குப் புதிது. ஐரோப்பாவில் பிறந்தது வீட்டில் தமிழ் கதைக்கும், எழுதச் சொன்னால் திணறும். நாற்பது பேர் இருக்கும் வகுப்பில் இந்த ஓட்டைகள் தவணைப் பரீட்சையில்தான் வெளிக்கும். பதினைந்து பேர் இருக்கும் வகுப்பில் ரீச்சர் முதல் கிழமையே கண்டுபிடித்துவிடுவார், ரீச்சர் ஒழுங்காக வருபவராக இருந்தால்.

அந்த 'இருந்தால்' என்பதைத்தான் பெற்றோர் விசாரிக்க வேண்டும். சாதாரணதரத்தில் ஒன்பது ஏ எடுத்தவர்களுக்கு வாசலில் கட்டிய பதாகை தரம் ஒன்றைப் பற்றி எதுவும் சொல்லாது. ஆரம்பக் கல்விக்குப் பயிற்சி பெற்றவர் எத்தனை பேர், ஆங்கிலத்துக்கு நிரந்தர ஆசிரியர் உண்டா, பிள்ளையின் சமயத்தைப் படிப்பிக்க ஆள் உண்டா, இரண்டு வகுப்பை ஒருவரே பார்க்கிறாரா? வலிகாமம் வலயக் கல்விப் பணிமனை இந்த விபரங்களைப் பாடசாலை வாரியாக ஒரு தாளில் போட்டு வெளியிட்டால் வாய்வழிக் கதைகளில் பாதி நின்றுவிடும்.

இப்போதைக்கு அதிபரிடம் நேரே போய்க் கேட்பதே வழி. இடையில் சேர்கிற பிள்ளைக்கு விடுகைப் பத்திரமும் பிறப்புச் சான்றிதழும் கையில் இருக்க வேண்டும். இந்தியாவில் பிறந்த பிள்ளையென்றால் பிறப்பையும் பிரஜாவுரிமையையும் அங்குள்ள இலங்கைத் தூதரகத்தில் பதிந்துவிட்டு வருவது பின்னால் அலைச்சலைக் குறைக்கும். அரச பாடசாலைத் தரம் ஒன்றுக்கான விண்ணப்பம் வழக்கமாக முந்திய வருட நடுப்பகுதியிலேயே கோரப்படுகிறது. மார்கழியில் விமானம் ஏற நினைக்கும் குடும்பம் அதற்கு முன் ஒருதரம் வந்துபோக வேண்டியிருக்கும்.