சாசேஜுக்கு 'இயற்கை' முத்திரை போதுமா?

2018 மார்ச் 4 அன்று, பல மாதங்களாகத் தென்னாப்பிரிக்காவை உலுக்கிவந்த லிஸ்டீரியா தொற்றுக்குக் காரணம் 'பொலோனி' என்று அந்நாட்டுச் சுகாதார அமைச்சர் ஆரோன் மொட்சொலெடி அறிவித்தார். ரொட்டிக்குள் வைத்துச் சாப்பிடும் மலிவான, வேகவைத்த சாசேஜ் அது. பொலோக்வானே நகரத் தொழிற்சாலை ஒன்றிலிருந்து பரவிய கிருமி 216 உயிர்களைக் குடித்தது. நோய்வாய்ப்பட்ட 1,060 பேரில் பத்துக்கு நான்கு பேர் பிறந்து ஒரு மாதம்கூட ஆகாத சிசுக்கள்.

வெந்த இறைச்சியில் கிருமி எங்கிருந்து வந்தது? நடுப்பகுதிவரை 70 டிகிரி செல்சியஸ் சூடு ஏறி இரண்டு நிமிடம் நின்றால் லிஸ்டீரியா பிழைப்பது அரிது. ஆபத்து அடுப்பிலிருந்து இறக்கிய பிறகுதான் தொடங்குகிறது. உறையை உரிக்கும்போது, துண்டு போடும்போது, பொட்டலம் கட்டும்போது ஈரமான இயந்திரங்களிலிருந்து கிருமி மறுபடி ஒட்டிக்கொள்கிறது. குளிர்பெட்டி அதைத் தாமதப்படுத்துமே தவிர நிறுத்தாது. காற்று உறிஞ்சப்பட்ட பொட்டலத்துக்குள் வாரக்கணக்கில் அது மெல்லப் பெருகும்.

இயற்கைப் பதப்பொருள்களை எடைபோட வேண்டிய இடம் இதுதான். வினிகர் உண்மையாகவே உழைக்கிறது. புளிப்பு மட்டுப்படுத்தப்பட்ட வினிகரும், சர்க்கரையை நொதிக்கவைத்துப் பெறும் லாக்டேட்டும் போதிய அளவில் சேர்ந்தால் லிஸ்டீரியாவின் வளர்ச்சி வெகுவாகத் தடைபடும். ரோஸ்மேரிச் சாறு கொழுப்பு சிக்கு வாடை அடிக்காமல் காக்கும். கிருமியைத் தடுக்க அதை நம்பக் கூடாது. கிராம்பு, ஓரிகானோ எண்ணெய்கள் ஆய்வகத் தட்டில் அசத்துகின்றன. சாசேஜில் அவற்றின் வீரியத்தைக் கொழுப்பு விழுங்கிவிடுகிறது. அளவைக் கூட்டினால் வாயில் வைக்க முடியாது.

என்னை மிகவும் உறுத்துவது செலரித் தூள். செலரிக் கீரையில் இயல்பாகவே நைட்ரேட் மிகுதி. நல்ல பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாக மாற்றித் தருகின்றன. சாசேஜின் இளஞ்சிவப்பு நிறத்துக்கும், பொட்டுலிசம் விஷத்தைத் தடுப்பதற்கும் காலங்காலமாகப் பயன்படும் அதே நைட்ரைட்தான். புற்றுநோய் அச்சமும் அதேதான். ஆனாலும் அமெரிக்கக் கடைகளில் இந்தப் பொட்டலங்கள் 'நைட்ரைட் சேர்க்கப்படவில்லை' என்ற பெரிய எழுத்தோடு விற்கப்பட்டுவந்தன. 'செலரியில் இயல்பாக உள்ளதைத் தவிர' என்பது பக்கத்திலேயே பொடி எழுத்தில். பயந்து விலகும் தாய்க்கு, அவள் விலக்க நினைத்ததையே விற்பது ஏமாற்று. பதப்படுத்துவதற்காகச் சேர்த்தால் தாவரச் சாறும் சேர்மானப் பொருளே என்ற ஐரோப்பிய ஒன்றியத்தின் நிலைப்பாடே நேர்மையானது.

அதற்காக நைட்ரைட்டை ஒரேயடியாகத் தூக்கிவிடவும் கூடாது. பொட்டுலிசத்தின் வித்துகள் வேகவைத்தாலும் சாகாதவை. அளவைக் குறைக்கலாம். டென்மார்க் பெரும்பாலான இறைச்சிப் பொருள்களுக்கு நெடுங்காலமாகக் கிலோவுக்கு 60 மில்லிகிராம் என்ற வரம்போடு சமாளிக்கிறது. அப்படிக் குறைக்கும்போது வினிகர் போன்றவை துணைக்கு வரட்டும்.

எந்தப் பொருளைச் சேர்த்தாலும், விற்பனைக்கு முன் உற்பத்தியாளர் ஒரு சோதனையைக் காட்ட வேண்டும்: தம் சாசேஜில் லிஸ்டீரியாவை வேண்டுமென்றே செலுத்தி, பொட்டலத்தில் அச்சிடும் கடைசித் தேதிவரை, கடைகளின் உண்மையான குளிர்நிலையில் வைத்து, கிருமி பெருகவில்லை என்று நிரூபிக்கட்டும். நிரூபிக்க முடியாத நாள்களை அந்தத் தேதியிலிருந்து வெட்ட அரசுக்கு அதிகாரம் வேண்டும்.