விடியலில் வந்திறங்கும் புகையிரதமும் வந்து சேராத பஸ்ஸும்

கொழும்புக் கோட்டையிலிருந்து இரவில் புறப்படும் தபால் புகையிரதம் பொழுது புலர்வதற்கு முன்னரோ புலரும் வேளையிலோ யாழ்ப்பாணம் வந்து சேர்கிறது. சுமார் 400 கிலோமீற்றர் தூரத்தைக் கடந்து வந்த பயணி, நிலையத்தின் வாசலில் பெட்டியோடும் பையோடும் நின்று முச்சக்கரவண்டிச் சாரதியுடன் பேரம் பேசத் தொடங்குகிறார். மத்திய பஸ் நிலையம் அங்கிருந்து கால்நடையாகவே சென்றடையக்கூடிய தூரத்தில்தான் உள்ளது. எனினும் இருள் விலகாத வேளையில், கைக்குழந்தையோடு வந்த ஒரு தாய்க்கோ, மகரகம வைத்தியசாலையில் சிகிச்சை பெற்றுத் திரும்பும் ஒரு நோயாளிக்கோ அது சிறு தூரமல்ல. அவர் செல்ல வேண்டிய ஊர் நெடுந்தீவாகவோ வடமராட்சியின் கரையோரக் கிராமமாகவோ இருப்பின் பயணத்தின் மிகக் கடினமான பகுதி இனிமேல்தான் ஆரம்பமாகிறது.

வடக்குக்கான புகையிரதப் பாதையைப் பற்றி நாம் பேசும் போதெல்லாம் தண்டவாளத்தைப் பற்றியே பேசிப் பழகிவிட்டோம். அதற்குக் காரணம் உண்டு. காங்கேசன்துறையிலிருந்து சாவகச்சேரி வரையிலான பகுதி 1902ஆம் ஆண்டிலும், கொழும்புடனான முழுமையான இணைப்பு 1905ஆம் ஆண்டிலும் ஏற்பட்டன. யாழ்தேவி 1956 ஏப்ரலில் ஓடத் தொடங்கியது. 1985 ஜனவரியில் முறிகண்டியில் அவ்வண்டி தாக்குதலுக்குள்ளானது. 1990 ஜூன் 13ஆம் திகதியுடன் யாழ்ப்பாணத்துக்கான சேவை அடியோடு நின்றது. பின்னர் தண்டவாளங்களும் சிலிப்பர்க் கட்டைகளும் பதுங்குகுழிகளுக்கும் காப்பரண்களுக்கும் போயின. இந்தியக் கடனுதவியில் இர்கோன் நிறுவனம் மீளமைத்த பாதையில் 2013 செப்டெம்பரில் கிளிநொச்சிக்கும், 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்துக்கும், 2015 ஜனவரியில் காங்கேசன்துறைக்கும் வண்டி மீண்டும் வந்தது. 24 வருடங்கள் வண்டிச் சத்தம் கேளாதிருந்த ஊர்களில் மக்கள் பாதையோரம் கூடி நின்று கையசைத்தார்கள். அந்த மகிழ்ச்சியில், நிலையத்திலிருந்து வீட்டுக்குப் போவது எப்படி என்று எவரும் கேட்கவில்லை.

போருக்கு முற்பட்ட காலத்தில் இக்கேள்வி எழ வேண்டிய அவசியமும் அதிகம் இருக்கவில்லை. வெள்ளிக்கிழமை இரவு கோட்டையில் மெயில் வண்டி ஏறி, சனிக்கிழமை காலை வீட்டில் தேநீர் அருந்தி, ஞாயிறு இரவு மீண்டும் ஏறித் திங்கட்கிழமை காலை கந்தோரில் கையெழுத்திட்ட அரசாங்க ஊழியர்களின் தலைமுறை ஒன்று எம்மிடையே இருந்தது. வாரண்டும் கடகமும் அவர்களது அடையாளங்கள். பருத்தித்துறைப் பக்கத்தார் கொடிகாமத்தில் இறங்கிப் பஸ் ஏறுவார்கள். புகையிரதம் வடமராட்சிக்குள் ஒருபோதும் சென்றதில்லை. தென்மராட்சியூடாகவும் வலிகாமத்தினூடாகவுமே அது செல்கிறது. ஆதலால் குடாநாட்டின் ஒரு பெரும் பகுதியினருக்கும் தீவகத்தார் அனைவருக்கும் அன்றும் இன்றும் புகையிரதப் பயணம் என்பது பஸ் பயணத்தையும் உள்ளடக்கியதே.

'படுக்கை வண்டி' என்ற சொல்லையும் இங்கே சற்று நிதானமாகவே பயன்படுத்த வேண்டும். தமிழகத்தில் இராமேஸ்வரத்திலிருந்து சென்னைக்குச் செல்லும் சாதாரண பயணி குறைந்த கட்டணத்தில் நீட்டி நிமிர்ந்து படுத்துச் செல்கிறார். இலங்கையின் இரவு வண்டிகளில் படுக்கை என்பது முதலாம் வகுப்பில் ஒரு சிலருக்கு மட்டுமே கிட்டிய வசதி. ஏனையோர் உட்கார்ந்தபடியே கண்ணயர்ந்து வருபவர்கள்தாம். இரவு முழுவதும் சரியாக உறங்காத மனிதரைத்தான் விடியலில் பஸ் தேடி அலைய விடுகிறோம்.

இணைப்பு பஸ் என்றதும் எமது தலைமுறைக்கு நினைவில் வருவது வவுனியா. 2002 பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தாகி, ஏப்ரலில் ஏ-9 வீதி திறக்கப்பட்ட பின்னர், 2006 ஓகஸ்டில் அது மீண்டும் மூடப்படும் வரை, கொழும்பிலிருந்து இரவு வண்டியில் வவுனியா வந்து, அங்கிருந்து பஸ்ஸிலோ வானிலோ ஓமந்தைச் சோதனைச் சாவடியை அடைந்து, இராணுவத்தினரின் சோதனையையும் புலிகளின் சோதனையையும் முடித்து, முகமாலையில் மறுபடியும் அதே சடங்குகளுக்கு உட்பட்டு யாழ்ப்பாணம் சேர்ந்தவர்கள் ஆயிரமாயிரம் பேர். அது துன்பமான பயணம் என்பதில் ஐயமில்லை. அதற்கு முன்னர் கிளாலிக் கடனீரேரியில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு படகேறியவர்களுக்கும், திருகோணமலையில் நாட்கணக்கில் கப்பலுக்குக் காத்திருந்தவர்களுக்கும் அதுவே பெருவரமாகத் தோன்றியது. ஒன்றை மட்டும் இங்கே குறிப்பிட வேண்டும். அக்காலத்தில் வவுனியா நிலையத்தில் புகையிரதம் வந்து நிற்கும் போது வாகனங்கள் வந்து நின்றன. எந்த அதிகாரசபையும் கட்டளையிடவில்லை. பயணிகளுக்கு வேறு வழியில்லை, வாகனக்காரருக்கும் வேறு வருமானமில்லை என்ற நிலையே அந்த இணைப்பை உருவாக்கியது.

இன்று அந்த நெருக்கடி இல்லை. கொழும்பிலிருந்து நேரே ஊருக்கு வரும் இரவு பஸ்கள் உண்டு. வசதி உள்ளோர் குளிரூட்டிய பஸ்ஸில் ஆசனம் பதிவு செய்து வருகின்றனர். ஆயினும் இரவு நேர நெடுந்தூரப் பஸ் பயணத்தின் ஆபத்தை நாம் அறியாதவர்களல்லர். 2022 நவம்பரில் வவுனியா நொச்சிமோட்டையில் யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பு நோக்கிச் சென்ற பஸ் விபத்துக்குள்ளாகி உயிர்கள் பறிபோயின. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியின் போது கலா ஓயா வெள்ளத்தில் பஸ் ஒன்று சிக்குண்டு, அதிலிருந்தவர்கள் கூரையேறி உயிர்காத்த செய்தி நாட்டையே பதறவைத்தது. அச்சூறாவளி புகையிரதப் பாதைகளையும் விட்டுவைக்கவில்லை என்பது உண்மையே. இருந்தபோதிலும் சாதாரண நாட்களில் உறக்கக் கண்களோடு ஒரு சாரதி ஏழெட்டு மணி நேரம் ஓட்டும் பஸ்ஸைக் காட்டிலும் புகையிரதம் பாதுகாப்பானது, மலிவானது. அப்படியிருந்தும் ஒரு குடும்பம் பஸ்ஸைத் தெரிவு செய்கிறதென்றால், அது புகையிரதத்தை வெறுப்பதனால் அல்ல. பஸ் வீட்டு ஒழுங்கைக்கு அருகில் இறக்கிவிடுகிறது. புகையிரதமோ பாதி வழியில் கைவிடுகிறது.

இந்தக் கைவிடல் ஏன் நிகழ்கிறது? பொறுப்பற்ற அதிகாரிகள் என்று ஒரு வசனத்தில் முடித்துவிடலாம். ஆனால் விடயம் அதனினும் ஆழமானது. புகையிரதம் ஓர் அரசாங்கத் திணைக்களம். இலங்கைப் போக்குவரத்துச் சபை 2005ஆம் ஆண்டின் சட்டத்தின் கீழ் இயங்கும் மத்திய அரசின் நிறுவனம். மாகாணங்களுக்கிடையே ஓடும் தனியார் பஸ்களுக்கு வழித்தட அனுமதி வழங்குவது தேசிய போக்குவரத்து ஆணைக்குழு. மாகாணத்துக்குள் ஓடும் தனியார் பஸ்களோ, 13ஆவது திருத்தத்தின் வழிவந்த மாகாண அதிகாரசபையின் கீழ் வருகின்றன. யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறைக்கோ குறிகட்டுவானுக்கோ செல்லும் பஸ் எத்தனை மணிக்குப் புறப்பட வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் மேசையில் புகையிரதத் திணைக்களத்துக்குக் கதிரை இல்லை. புகையிரத நேர அட்டவணை மாற்றப்படும் மேசையில் பஸ்காரருக்கும் கதிரை இல்லை. நான்கு நிறுவனங்களும் தத்தம் கடமையைச் சரியாகவே செய்தாலும் பயணி நடுத்தெருவில்தான் நிற்பார்.

பஸ் தரப்புக்குள்ளேயே இணக்கமில்லை என்பது இன்னொரு கதை. வவுனியாவில் 2017ஆம் ஆண்டு திறக்கப்பட்ட புதிய பஸ் நிலையம் தொடர்பாக இ.போ.ச.வினரும் தனியாரும் முரண்பட்டு, 2018 தொடக்கத்தில் வடக்கில் இ.போ.ச. ஊழியர்கள் பணிப்புறக்கணிப்பில் இறங்கும் வரை அது சென்றது. இணைந்த நேர அட்டவணை என்ற நியாயமான யோசனையே அங்கு சண்டைக்குக் காரணமாயிற்று. மாகாண சபையின் பதவிக்காலம் 2018 ஒக்டோபரில் முடிவடைந்த பின்னர், மக்களால் தெரிவு செய்யப்பட்டுப் பதில் சொல்ல வேண்டிய ஓர் அமைச்சரும் இல்லாது போய், மாகாண நிருவாகம் ஆளுநரிடம் சென்றது. அதிகாரப் பகிர்வைப் பற்றி மேடைகளில் முழங்குவோர், பகிரப்பட்ட அதிகாரங்களுள் பஸ் அனுமதிப்பத்திரமும் ஒன்று என்பதை நினைவிற் கொண்டதாகத் தெரியவில்லை.

பஸ்காரர் பக்கத்து நியாயத்தையும் சொல்லாமல் விடலாகாது. அவருக்குக் குறித்த நேரத்துக்கு அனுமதி. புகையிரதம் ஒரு மணி நேரம் தாமதமானால் அவர் காத்திருக்க முடியாது. காத்திருந்தால் பின்னால் வரும் பஸ் முன்னால் போய் வழியில் நிற்கும் சனத்தை ஏற்றிவிடும். டீசலுக்கும் நடத்துநருக்கும் பணம் கொடுப்பது புகையிரதத் திணைக்களமல்ல. ஆகவே 'காத்திருங்கள்' என்று வேண்டுகோள் விடுப்பது பயன் தராது. காத்திருப்பதற்கு எவராவது பணம் செலுத்த வேண்டும். இதற்கு முன்மாதிரி எம்மிடமே உண்டு. பாடசாலைப் பிள்ளைகளுக்கான 'சிசு செரிய' சேவை 2005ஆம் ஆண்டிலிருந்து அரசின் மானியத்தில் நடைபெற்று வருகிறது. ஆசனங்கள் நிரம்பினாலும் நிரம்பாவிட்டாலும் பஸ் குறித்த வேளையில் வந்தாக வேண்டும் என்பதற்காகவே அங்கு அரசு பணம் கொடுக்கிறது. பாடசாலை மணிக்குச் செய்யக்கூடியதைத் தபால் வண்டிக்கும் செய்ய முடியும்.

இது வளர்ந்த நாடுகளுக்கே சாத்தியம் என்று கூறுவோர் சுவிற்சர்லாந்தில் வாழும் தங்கள் உறவினரிடம் விசாரித்துப் பார்க்கலாம். அங்கு மலைக்கிராமத்துப் புகையிரத நிலையத்தில் வண்டி நிற்கும் போது மஞ்சள் நிறத் தபால் பஸ் வாசலில் நிற்கும். 1982ஆம் ஆண்டு நாடு முழுவதற்கும் சீரான இடைவெளி கொண்ட நேர அட்டவணையை அவர்கள் கொண்டுவந்தார்கள். பின்னர் 1987இல் மக்கள் வாக்கெடுப்பின் மூலம் அனுமதி பெற்று, வண்டிகள் சந்திக்கும் நேரத்தை முதலில் தீர்மானித்து அதற்கேற்பப் பாதைகளை மேம்படுத்தினார்கள். நாமோ பாதையை அமைத்து முடித்து, வேகத்தையும் கூட்டியபின், சந்திப்பைப் பற்றி யோசிக்கவேயில்லை. அவ்வளவு தூரம் போவானேன்! 1914ஆம் ஆண்டிலேயே சென்னையில் புகையிரதம் ஏறியவர் தனுஷ்கோடியில் கப்பலேறித் தலைமன்னாரில் மறு வண்டியைப் பிடித்துக் கொழும்பு சேர்ந்தார். இரு நாட்டு வண்டிகளும் ஒரு கப்பலும் ஒன்றுக்கொன்று நேரம் பார்த்து ஓடின. 1964 டிசம்பர் சூறாவளி தனுஷ்கோடியை அழிக்கும் வரை அந்த ஒழுங்கு நீடித்தது.

வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களைப் பொறுத்தவரையில் இவ்விடயத்துக்கு மற்றுமொரு பரிமாணம் உண்டு. யாழ்ப்பாணத்திலிருந்து கடைசிப் புகையிரதம் சென்று நான்கரை மாதங்களுக்குள், 1990 ஒக்டோபர் இறுதியில், சோனகதெருவிலும் அயலிலும் வாழ்ந்த மக்கள் இரண்டு மணி நேர அவகாசத்தில் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். வடமாகாணம் முழுவதிலுமிருந்து விரட்டப்பட்ட 70,000க்கும் அதிகமானோரில் பெரும்பாலானோர் தஞ்சமடைந்தது புத்தளத்தில். அங்கிருந்து யாழ்ப்பாணம் திரும்புவதற்கு இன்று புகையிரதத்தில் என்ன வழி என்று பார்த்தால் விந்தையாக இருக்கும். புத்தளத்துப் பாதை தெற்கே ராகமையில்தான் பிரதான பாதையோடு சேர்கிறது. வடக்கே போக வேண்டியவர் ஏறக்குறைய கொழும்பு வரை தெற்கே போக வேண்டும்! இல்லையேல் பஸ்ஸில் அநுராதபுரம் சென்று, நள்ளிரவில் தபால் வண்டிக்குக் காத்திருக்க வேண்டும்.

மீள்குடியேற்றம் என்பது ஒருநாள் லொறியில் சாமான்களோடு வந்திறங்குவதல்ல. காணி உறுதியைச் சரிபார்க்க ஒரு பயணம், வாக்காளர் இடாப்பில் பெயர் பதிய ஒரு பயணம், பிள்ளையை ஒஸ்மானியாக் கல்லூரியில் சேர்க்க ஒரு பயணம், இடையில் புத்தளத்தில் தங்கிவிட்ட தாய் தந்தையரைப் பார்க்கப் பல பயணங்கள் என்று வருடக்கணக்கில் நீளும் போக்குவரத்து அது. ஒவ்வொரு பயணமும் இரண்டு நாள் கூலியை விழுங்குமாயின் திரும்பும் எண்ணமே தளர்ந்துவிடும். 2019 நவம்பர் 16ஆம் திகதி புத்தளத்திலிருந்து மன்னாருக்கு வாக்களிக்கச் சென்ற முஸ்லிம் மக்களின் பஸ்கள் தந்திரிமலைப் பகுதியில் துப்பாக்கிச் சூட்டுக்கு இலக்கானதை இங்கு நினைவூட்ட வேண்டியுள்ளது. உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் சொந்த மாவட்டத்தில் வாக்களிக்க இரவோடிரவாகப் பஸ் வாடகைக்குப் பிடித்துச் செல்ல வேண்டியிருந்த நிலை அதில் வெளிப்பட்டது. அநுராதபுரத்திலும் மதவாச்சியிலும் வடக்கு வண்டிகளைச் சந்திக்கும் ஒரு புத்தளம் பஸ், தலைமன்னார் வண்டியிலிருந்து இறங்குவோரை முசலிக்கு ஏற்றிச் செல்லும் ஒரு மன்னார் பஸ் என்பன பெருஞ்செலவு பிடிக்கும் கோரிக்கைகள் அல்ல. வடக்கு முஸ்லிம்களின் வாக்குகளில் நாடாளுமன்றம் சென்றவர்களும், தமிழ்க் கட்சிகளின் உறுப்பினர்களும் இதனை ஒரே கோரிக்கையாக முன்வைத்தால் தவறாகிவிடாது.

பாதை திருத்தத்துக்காக 2023 ஜனவரி முதல் ஜூலை வரை அநுராதபுரத்துக்கும் வவுனியாவுக்கும் இடையிலும், 2024இல் பல மாதங்கள் மாஹோவுக்கும் அநுராதபுரத்துக்கும் இடையிலும் சேவைகள் நிறுத்தப்பட்ட போது, அறுந்த இடத்தை வீதி வழியாகக் கடப்பது எவ்வாறு என்பது பயணிகளின் சொந்தப் பிரச்சினையாகவே பெரிதும் விடப்பட்டது. இயற்கை அனர்த்தம் முன்னறிவித்து வருவதில்லை. திருத்த வேலை அப்படியல்ல. திகதி முன்கூட்டியே தெரிந்திருந்த ஒரு தடைக்கே பஸ்ஸையும் வண்டியையும் ஒரே பயணச்சீட்டில் இணைக்க முடியாதவர்கள், அன்றாட சேவையில் அதனைச் செய்வார்கள் என்று எதிர்பார்ப்பது எவ்வாறு?

உடனடியாகச் செய்யக்கூடியது சிறியது. தபால் வண்டி வந்து சேரும் ஒவ்வொரு விடியலிலும் கொடிகாமத்தில் பருத்தித்துறைக்கு ஒன்றும், யாழ்ப்பாணம் புகையிரத நிலைய முற்றத்திலேயே பருத்தித்துறை, காரைநகர், குறிகட்டுவான் ஆகிய இடங்களுக்கு ஒவ்வொன்றுமாக நான்கு பஸ்கள். வண்டி தாமதமானால் அவை காத்திருக்க வேண்டும். காத்திருந்த நேரத்துக்குக் கொடுப்பனவு வழங்கப்பட வேண்டும். இ.போ.ச. ஓடுமா, தனியார் ஓடுமா என்பதைக் கேள்விப்பத்திரம் தீர்மானிக்கட்டும். ஆறு மாத காலத்துக்குப் பரீட்சார்த்தமாக நடத்திப் பார்ப்பதற்குப் புதிய சட்டமோ வெளிநாட்டுக் கடனோ வேண்டியதில்லை. மாவட்டச் செயலாளர் தலைமையில் நான்கு நிறுவனங்களின் அதிகாரிகளும் ஒருநாள் கூடிப் பேசினால் போதுமானது.

அக்கூட்டத்துக்கு வருவோர் முதலில் நெடுந்தீவுப் படகின் நேரத்தைக் கேட்டறிந்துகொண்டு வருவார்களாக. குறிகட்டுவான் இறங்குதுறையில் காலைப் படகைத் தவறவிட்ட முதியவருக்கு, கொழும்பிலிருந்து எத்தனை மணி நேரத்தில் வண்டி வந்தது என்பதனால் ஆவதொன்றுமில்லை. அந்தப் படகின் நேரத்திலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு பஸ்ஸின் நேரத்தையும், பஸ்ஸின் நேரத்திலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டுக் கோட்டையில் வண்டி புறப்படும் நேரத்தையும் எழுத வேண்டும்.