பயத்துக்கும் கணக்குப் பார்ப்போம்

நஷ்டத்தில் ஓடும் கிளையை மூடுவதா, கடன் வாங்கித் தொடர்வதா? இந்தக் கேள்விக்கு நமது வியாபாரிகளில் பலர் சொல்லும் பதில் "பார்ப்போம்". அது பொறுமையல்ல, பயம் என்பதே எனது கருத்து.

2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவிலிருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபாவைத் தாண்டியது. ஏப்ரலில் மத்திய வங்கி தனது கடன் வசதி வீதத்தை 7.5 இலிருந்து 14.5 சதவீதத்துக்கு ஒரேயடியாக உயர்த்தியது. நானும் அன்று பயந்தவன்தான். ஆனால் முடிவெடுக்காமல் கழிந்த ஒவ்வொரு மாதமும் வட்டியும் வாடகையும் முதலைத் தின்பதைக் கடைத்தெருவில் கண்டேன்.

பயம் வந்தால் ஒரு கொப்பியை எடுங்கள். இன்று மூடினால் எவ்வளவு நஷ்டம்? ஆறு மாதம் தொடர்ந்தால் எவ்வளவு? எந்தத் தொகையைத் தாண்டினால் குடியிருக்கும் வீட்டில் கைவைக்க நேரும்? மூன்றையும் எழுதுங்கள். நமது பயத்தில் பெரும்பங்கு பணத்தைப் பற்றியதல்ல, "கடையை மூடிவிட்டார்" என்ற ஊர்ப் பேச்சைப் பற்றியது என்பது அப்போது விளங்கும்.

ஊர்ப் பேச்சு சில வாரங்களில் ஓயும். அடைக்காத கடனோ பிள்ளைகளின் காலம் வரை நிற்கும். இவற்றில் எதற்குப் பயப்பட வேண்டும் என்பதை நீங்களே தீர்மானியுங்கள்.