எத்தனை வயதில் எத்தனையாம் தரம்?

கடந்த ஆவணியில் பக்கத்து வீட்டு ஆச்சியைப் பார்க்க அவருடைய பேத்தி அமெரிக்காவின் நியூ ஜேர்சியிலிருந்து வந்திருந்தாள். மருதனார்மடத்தில் எங்கள் வீட்டுக்கும் அவர்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரு கிடுகு வேலிதான். வந்த இரண்டாம் நாளே வேலியருகில் நின்று, "நீங்க என்ன கிரேட்?" என்று கேட்டாள். "பன்னிரண்டு" என்றேன். "நானும்தான்!" என்று துள்ளினாள். வயதைக் கேட்டால் அதுவும் ஒன்று. இருவரும் 2008இல் பிறந்தவர்கள்.

பேசப் பேசத்தான் வித்தியாசம் தெரிந்தது. அவளுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு என்பது பாடசாலையின் கடைசிப் படி. வருகிற ஜூனில் அதை முடித்துவிட்டு, செப்டெம்பரில் பல்கலைக்கழகம் போய்விடுவாள். எனக்கோ சாதாரண தரப் பெறுபேறு வந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. "நீங்க எப்ப யூனிவர்சிட்டி போவீங்க?" என்று கேட்டாள். என்னிடம் சொல்வதற்கு ஒரு மாதமும் இருக்கவில்லை, ஓர் ஆண்டும் இருக்கவில்லை.

அன்றிரவு ஒரு கொப்பித் தாளில் இரண்டு நாட்டுக் கணக்கையும் எழுதிப் பார்த்தேன். அமெரிக்கக் கணக்கு இலகுவானது. வகுப்பின் எண்ணோடு ஐந்தைக் கூட்டினால் வகுப்புத் தொடங்கும்போது பிள்ளைக்கு இருக்கவேண்டிய வயது வரும். ஐந்து வயதில் கிண்டர்கார்டன், ஆறில் முதலாம் வகுப்பு, பதினொன்றில் ஆறாம் வகுப்பு, பதினேழில் பன்னிரண்டாம் வகுப்பு. பல மாநிலங்களில் செப்டெம்பர் முதலாம் திகதிக்குள் ஐந்து வயது நிரம்பவேண்டும். நியூயோர்க் நகரத்தில் டிசெம்பர் 31 வரை இடம் கொடுக்கிறார்கள். பிள்ளை இன்னும் சின்னது என்று நினைத்து ஓராண்டு பிந்திச் சேர்க்கும் பெற்றோரும் அங்கே உண்டு. ஆகவே ஒரே வகுப்பில் ஒன்றரை வயது வித்தியாசம்கூட இருக்கலாம். அதை யாரும் பெரிதாக எடுப்பதில்லை என்றாள் அவள்.

எங்கள் கணக்கில் கூட்டவேண்டிய எண் நான்கு. ஜனவரி 31ஆம் திகதி ஐந்து வயது நிரம்பியிருந்தால் முதலாம் தரம். பெப்ரவரி முதலாம் திகதி பிறந்த பிள்ளை ஒரு நாளால் ஓராண்டு காத்திருக்கவேண்டும். அதன்பின் ஐந்தாம் தரத்தில் புலமைப்பரிசில், பதினோராம் தரத்தில் சாதாரண தரம், பதின்மூன்றாம் தரத்தில் உயர்தரம். கடதாசியில் பார்த்தால் நானும் பதினெட்டு வயதில் பாடசாலையை முடிக்கவேண்டியவள்தான்.

ஆனால் நாங்கள் கடதாசியில் படிக்கவில்லை. ஏழாம் தரத்தில் இருந்தபோது, 2020 மார்ச்சில், கொரோனாவுக்காகப் பாடசாலைகள் பூட்டப்பட்டன. அந்த டிசெம்பரில் எங்கள் மருதனார்மடம் சந்தையிலிருந்தே தொற்றுப் பரவி, ஊர் மறுபடி முடங்கியது. 2022இல் பெற்றோல் இல்லை, பஸ் இல்லை, பாடசாலை இல்லை. ஆகஸ்டில் நடந்துவந்த உயர்தரப் பரீட்சையின் 2021ஆம் ஆண்டுக்குரியது 2022 பெப்ரவரியில்தான் தொடங்கியது. எங்களுக்குரிய 2024ஆம் ஆண்டின் சாதாரண தரப் பரீட்சை 2025 மார்ச்சில் நடந்தது. பதினொன்றாம் தரத்துக்குரிய பரீட்சையை நான் பதினேழு வயதில் எழுதினேன்.

இதெல்லாம் எல்லோருக்கும் பொதுவானதுதானே, இதில் என்ன பேச இருக்கிறது என்று கேட்கலாம். பேச இருக்கிறது. பிந்துவது எல்லோருக்கும் பொதுவானது. பிந்தியதற்கான விலையை எல்லோரும் ஒரே மாதிரிக் கொடுப்பதில்லை.

பரீட்சை முடிந்து வீட்டில் இருந்த வாரங்களில் உறவுக்காரப் பெரியவர் ஒருவர் வந்திருந்தார். தேநீரைக் குடித்துக்கொண்டே விரல்விட்டு எண்ணினார். "உயர்தரம் முடிய பத்தொன்பது. பெறுபேறு, வெட்டுப்புள்ளி, கம்பஸ் எண்டு இருபத்தொண்டு. அதை முடிக்க இருபத்தஞ்சு. பிறகெப்ப?" அந்த 'பிறகெப்ப' என்பதற்கு அர்த்தம் எங்கள் எல்லோருக்கும் தெரியும். உம்மா பதில் சொல்லவில்லை. அதே வயதுள்ள என் சாச்சியின் மகனுக்கும் அதே பரீட்சைதான், அதே தாமதம்தான். அவனுடைய வயதை யாரும் விரலில் எண்ணவில்லை.

என்னோடு சாதாரண தரம் எழுதியவர்களில் ஒருத்தி உயர்தரத்துக்கு வரவில்லை. கெட்டிக்காரி. கணிதத்தில் எனக்குச் சொல்லித் தந்தவள். பெறுபேறு வருவதற்கு முன்பே அவளுக்குச் சம்பந்தம் பேசி முடித்துவிட்டார்கள். அவளுடைய பெற்றோர் படிப்புக்கு எதிரானவர்கள் அல்லர். பதினோராம் தரம்வரை விடியற்காலையில் எழுந்து அவளை அனுப்பியவர்கள். பாடசாலைக்குப் போய்க்கொண்டிருந்த காலத்தில் யாரும் அவளை நிறுத்தவில்லை. சும்மா இருந்த காலத்தில்தான் நிறுத்தினார்கள். தரத்துக்கும் தரத்துக்கும் இடையில் விழும் அந்த வெற்று மாதங்களை நாங்கள் கல்வியால் நிரப்பாவிட்டால் வேறு ஏதாவது வந்து நிரப்பிவிடும்.

நாட்டின் பொதுத் திருமணச் சட்டத்தில் 1995 முதல் பதினெட்டு என்ற எல்லை இருக்கிறது. எங்களுக்குரிய 1951ஆம் ஆண்டுச் சட்டத்தில் அப்படி ஓர் எல்லை இல்லை. அதைத் திருத்துவது பற்றிப் பெரியவர்கள் பல வருடங்களாகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். சட்டம் மாறும்வரை வீடு காத்திருக்கத் தேவையில்லை. ஒரு பிள்ளையின் பெறுபேறு வரும்வரையாவது காத்திருக்கலாம்.

வயதும் தரமும் பொருந்தாமல் போவது எங்கள் சமூகத்துக்குப் புதிதல்ல. 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாண முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றியபோது கொடுத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். என் மாமிக்கு அப்போது பதினொரு வயது. சோனகத் தெருவிலிருந்து புறப்பட்டுப் புத்தளத்தில் ஓர் அகதி முகாமில் போய் இறங்கினார்கள். கொட்டில் போட்டு, தண்ணீருக்கு வழி பார்த்து, பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க நினைத்தபோது இரண்டு வருடம் போய்விட்டது. தன்னைவிட இரண்டு மூன்று வயது குறைந்தவர்களோடு மாமி உட்காரவேண்டி வந்தது. உயரமானவர் என்பதால் எப்போதும் கடைசி வரிசை. "இவ்வளவு பெரிய பிள்ளை இன்னும் இந்த வகுப்பிலயா?" என்று ஒரு நாள் வகுப்பில் எல்லோருக்கும் முன்னால் கேட்டார்களாம். மாமி அதற்குப்பிறகு போகவில்லை. "படிப்பு ஓடாம நான் விடயில்லை. வெக்கத்திலதான் விட்டனான்" என்று இன்றைக்கும் சொல்வார்.

போர் மாமியிடமிருந்து இரண்டு வருடங்களைத்தான் எடுத்தது. மிச்சத்தை எடுத்தது அந்த ஒரு கேள்வி.

வயதுவாரியாக வகுப்புப் பிரிப்பதை நான் குறை சொல்லவில்லை. ஐந்து வயதுப் பிள்ளையும் பத்து வயதுப் பிள்ளையும் ஒரே பாடத்தை ஒரே வேகத்தில் படிக்க முடியாது. ஆனால் இந்த ஒழுங்கு வானத்திலிருந்து இறங்கியதல்ல. அமெரிக்காவிலேயே ஒரு காலத்தில் எல்லா வயதினரும் ஒரே அறையில்தான் படித்தார்கள். 1840களின் இறுதியில் பொஸ்டன் நகரில் குவின்சிப் பாடசாலை தொடங்கியபோதுதான் ஒவ்வொரு வகுப்புக்கும் தனி அறை, தனி ஆசிரியர் என்ற முறை அங்கே நிலைபெறத் தொடங்கியது. அதற்கு இருபது வருடங்களுக்கு முன்பே, 1824இல், அதே அமெரிக்காவிலிருந்து வந்த மிஷனரிமார் எங்கள் பக்கத்து ஊரான உடுவிலில் பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பாடசாலை தொடங்கிவிட்டார்கள். மருதனார்மடத்தில் சேர் பொன்னம்பலம் இராமநாதன் பெண்களுக்குக் கல்லூரி அமைத்தது 1913இல். பெண்பிள்ளை படிக்கவேண்டும் என்பதுதான் இந்த மண்ணில் முதலில் வந்தது. எந்த வயதில் எந்தத் தரம் என்ற அட்டவணை அதற்குப் பிறகு வந்ததே.

நாங்கள் ஓதப் போன குர்ஆன் மதரஸாவை நினைத்துப் பாருங்கள். ஒரே பாயில் ஏழு வயதுக்காரியும் பன்னிரண்டு வயதுக்காரியும் இருப்போம். அலிஃப், பே முடித்தவர் அடுத்ததற்குப் போவார். முடிக்காதவர் முடித்துவிட்டுப் போவார். பெரியவள் பிந்தியிருந்தால் சின்னவள் சொல்லிக் கொடுப்பாள். அதில் யாருக்கும் வெட்கம் இருந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. கல்வியைக் கடமையாக்கிய மார்க்கம் அதற்கு வயதெல்லை வைக்கவில்லை. பாயில் இல்லாத வெட்கத்தைக் கதிரையில் மட்டும் ஏன் கொண்டுவந்து வைக்கிறோம்?

அமெரிக்காவிடமிருந்து எடுக்க விரும்பினால் ஒன்றை எடுக்கலாம். இரண்டாம் உலகப் போரால் படிப்பை இடையில் விட்ட படைவீரர்களுக்காக 1942இல் அங்கே ஒரு பரீட்சையை உருவாக்கினார்கள். பாடசாலையை முடிக்காத எவரும் அதை எழுதி, முடித்தவருக்கு நிகரான சான்றிதழ் பெறலாம். பிறகு அது பொதுமக்கள் எல்லோருக்குமானது. போர் குழப்பிய வயதுக் கணக்கைச் சரிசெய்ய வேண்டியது படித்தவனின் பொறுப்பு மட்டுமல்ல, நாட்டின் பொறுப்பும்தான் என்று அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள்.

எங்களிடமும் வாசல்கள் இல்லாமல் இல்லை. சாதாரண தரத்தைத் தனிப்பட்ட பரீட்சார்த்தியாக எந்த வயதிலும் எழுதலாம். கல்வித் திணைக்களத்தில் முறைசாராக் கல்விப் பிரிவு இருக்கிறது. உயர்தரம் இல்லாதவர்களும் அடிப்படைப் பாடநெறியில் தொடங்கித் திறந்த பல்கலைக்கழகத்தில் மேலே போகலாம். அதற்கு யாழ்ப்பாணத்திலும் நிலையம் உண்டு. கட்டாயக் கல்வியின் வயதெல்லையும் 2016 முதல் பதினாறாக உயர்த்தப்பட்டுள்ளது. வாசல் இருக்கிறது என்பதை எங்கள் வீடுகளுக்கு யார் போய்ச் சொல்வது என்பதுதான் கேள்வி.

ஆகவே என் கருத்து இதுதான். வயதையும் தரத்தையும் பொருத்திப் பார்க்கும் அட்டவணையைக் கிழிக்கவேண்டாம். அதைச் சரியான வேலைக்குப் பயன்படுத்துவோம். பன்னிரண்டு வயதுப் பிள்ளை எந்த வகுப்பிலும் இல்லை என்றால், ஏன் இல்லை என்று வீடு தேடிப்போய்க் கேட்க அந்த அட்டவணை உதவட்டும். பதினைந்து வயதுப் பிள்ளை எட்டாம் தரத்தில் வந்து இருந்தால், ஏன் இங்கே என்று கேட்க உதவவேண்டாம். வராதவளைத் தேடுவதற்கான கணக்கை வந்தவளை வெட்கப்படுத்தும் கணக்காக்கக் கூடாது.

சகோதரிகளே, இதில் எங்கள் பங்கும் இருக்கிறது. பரீட்சைக்கும் பெறுபேற்றுக்கும் இடையில் சும்மா இருக்கும் தங்கைமாரை நூலகத்துக்கு அழைத்துப் போகலாம். தட்டெழுத்தோ கணினியோ ஆங்கிலமோ ஒன்றாகச் சேர்ந்து படிக்கலாம். வகுப்பில் வயது கூடிய ஒருத்தி இருந்தால் அவளைக் கடைசி வரிசையில் தனியே விடாமல் பக்கத்தில் போய் இருக்கலாம். இவற்றுக்குச் சுற்றுநிருபம் எதுவும் வரவேண்டியதில்லை.

போன கிழமை மாமி தைத்துக்கொண்டிருந்தபோது, நாற்பத்தாறு வயதிலும் சாதாரண தரம் எழுதலாம் என்று சொன்னேன். "உனக்கு வேற வேலையில்லை" என்று சிரித்தார். மெஷின் கொஞ்ச நேரம் ஓடியது. பிறகு நின்றது.

"கணக்குப் பாடமும் எடுக்கவேணுமோ?" என்று கேட்டார்.

(உயர்தர கலைப்பிரிவு மாணவி, மருதனார்மடம்)