மருந்தும் மூன்று நாள்

‘விருந்தும் மருந்தும் மூன்று நாள்’ என்பது நம் பாட்டிமார் வாக்கு. பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் 2009ஆம் ஆண்டில் இதையே விதியாக்கினார்கள் என்றால் வியப்பாக இல்லையா? சீட்டின்றி விற்கப்படும் கோடீன் கலந்த வலிமாத்திரைப் பெட்டியின்மேல், அடிமைப்படுத்தக்கூடும், மூன்று நாட்களுக்கு மட்டுமே என்று அச்சிட வேண்டும். ஒரு பெட்டியில் 32 மாத்திரைக்கு மேல் கூடாது.

கோடீன் அபினியின் பிள்ளை. ஈரலை அடைந்ததும் அதில் ஒரு பகுதி மார்ஃபினாக மாறுகிறது. தலைவலிக்கென்று தொடங்கியவர், நாளடைவில் மாத்திரை இல்லையேல் தலைவலி என்ற நிலைக்கு வருகிறார். இரண்டு பத்தாகிறது, பத்து இருபதாகிறது. உடன் கலந்திருக்கும் துணைமருந்தும் அப்போது எமனாகிறது. பாராசிட்டமால் ஈரலைக் கெடுக்கும். ஐபுபுரூஃபன் இரைப்பையைப் புண்ணாக்கும்.

இவரைக் கவனிப்பவர் யார்? இங்கேதான் மருத்துவ உலகின்மீது எனக்கு மனத்தாங்கல். கடைக்காரர் ஐயக்கண்ணோடு பார்த்து ‘இல்லை’ என்கிறார். வந்தவர் அடுத்த கடைக்குப் போகிறார். மருத்துவரோ ‘நிறுத்திவிடுங்கள்’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார். திடீரென நிறுத்தினால் வியர்வை, வயிற்றுப்போக்கு, தூக்கமின்மை, உடல்வலி எல்லாம் வரிசையாக வரும். அந்த வலிக்கும் கை அதே மாத்திரையைத்தான் தேடும். போதை மறுவாழ்வு நிலையங்களோ பெரும்பாலும் மதுவையும் ஹெராயினையும் மனத்திற்கொண்டு அமைந்தவை. அலுவலகம் போய்வரும் குடும்பத்தலைவி அந்தப் படியை மிதிப்பாளா? கடையில் வாங்கிய மாத்திரைதானே என்பது அவள் எண்ணம்.

‘இனிப்பை ஏன் தின்றாய்?’ என்று கேட்டுச் சர்க்கரை நோயாளியை வாசலோடு அனுப்பும் மருத்துவர் உண்டா? அளவைச் சிறுகச்சிறுகக் குறைப்பதும், முற்றியவர்க்கு ப்யூப்ரநார்ஃபின் கொடுத்து நிலைப்படுத்துவதும் அறிந்த முறைகளே. அறிவுக்குப் பஞ்சமில்லை; பரிவுக்குத்தான்!

ஆஸ்திரேலியா 2018 பிப்ரவரி முதல் கோடீனை மருத்துவர் சீட்டுக்குள் அடக்கியது. நல்லதே. ஆனால் பழகிப்போனவரைக் கடைவாசலில் தடுத்துவிட்டால், அவர் போக வேறொரு வாசல் திறந்திருக்க வேண்டுமல்லவா?

நம் நாட்டில் கோடீன் இருமல் மருந்து 2014 முதல் எச்-1 அட்டவணையில் இருக்கிறது. மருத்துவர் பெயர், நோயாளி பெயர், கொடுத்த அளவு ஆகியவற்றை ஏட்டில் எழுதி, மூன்றாண்டு காக்க வேண்டும். (எத்தனை கடைகளில் அந்த ஏடு தூசி படிந்து கிடக்கிறதோ!) அதில் ஒரே பெயர் மாதந்தோறும் தென்பட்டால், அதைக் குற்றத்தின் தடயமாகக் கொள்வதா, நோயின் அறிகுறியாகக் கொள்வதா? அறிகுறி என்பதே என் கட்சி. அந்தப் பெயருக்குரியவரைத் தனியே அழைத்து, ஐந்து நிமிடம் பேசி, ஒரு மருத்துவரின் முகவரியை எழுதிக்கொடுக்க மருந்தாளுநருக்குப் படிக்கும் காலத்திலேயே பயிற்சி தரவேண்டும். அந்த முகவரியில் இருக்கும் மருத்துவருக்கும்தான்.